பன்னிரண்டாவது பலகை

செருப்பைக் கழற்றிவிட்டுப் புதுத் தரையில் நடந்து பார்த்தபோது அவளுக்குக் கால் சுட்டது. சுட்டது என்றால் கொப்புளம் கிளம்புகிற சூடு இல்லை. யாரோ படுத்திருந்துவிட்டு அப்போதுதான் எழுந்துபோன பாயில் கை வைத்தால் தெரியுமே, அந்த இளஞ்சூடு. காலை ஓர் அடி தள்ளி வைத்தாள், தரை சில்லென்று இருந்தது. மறுபடி பழைய இடத்தில் வைத்தாள். சூடு அங்கேயே இருந்தது.

மதியம் மூன்று மணி. வெயில் கட்டடத்தின் மறுபக்கம் இருந்தது, அந்த இடத்துக்கு நேராக சன்னலும் கிடையாது. வாசலில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“சிமெண்டு இறுகும்போது சூடு விடும்மா. பச்சப்புள்ள மாதிரிதான், மொதல்ல கொஞ்ச நாளைக்கு ஒடம்பு கதகதன்னு இருக்கும்.”

“தரை போட்டு நாப்பது நாள் ஆச்சே, மேஸ்திரி?”

“அப்ப இன்னும் ஜுரம் விடலபோல,” என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டு போனார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

அது மாட்டுத் தொழுவமாக இருந்த கட்டடம். மாமனாரின் தாத்தா கட்டியது. ஆள் உயரத்துக்குக் கருங்கல் சுவர், அதற்கு மேல் மரச்சட்டமும் ஓடும், உள்ளே ஒரே வரிசையில் பன்னிரண்டு தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு கல்தொட்டி, சுவரில் ஓர் இரும்பு வளையம், வளையத்துக்கு மேல் ஒரு கற்பலகை. பலகையில் அங்கே நின்ற மாட்டின் பெயர், வெள்ளைச் சாயத்தில். மயிலை, கருப்பி, சுட்டி, கொம்பி என்று தொடங்கி, கடைசித் தடுப்பில் செவலை. இருபத்தாறு வருஷமாக அங்கே மாடு இல்லை. உடைந்த ஏணியும் துருப்பிடித்த பால் கேன்களும்தான் குடியிருந்தன.

அவள் பத்து வருஷம் நகரத்தில் உட்கார்ந்து அடுத்தவர் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவள். மகள் பிறந்த பிறகு, காலையில் அவளை எங்கோ ஒரு காப்பகத்தில் அழ அழ விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற பிழைப்பு கசந்துபோயிற்று. கணவனின் பண்ணைக்கே வந்துவிடலாம், தொழுவத்தைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றலாம், மகளையும் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பன்னிரண்டு தடுப்பு, பன்னிரண்டு குழந்தை. தொட்டியில் பொம்மைகள், வளையத்தில் பை, தடுப்புகளை ஒட்டி ஓடும் சாணி வாய்க்காலை மூடி மேலே வழவழப்பான தரை. காகிதத்தில் எல்லாம் தானாக வந்து பொருந்திக்கொண்டது. அப்படிப் பொருந்தியபோதே அவள் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பழைய கட்டடங்களைக் காக்கிற அலுவலகம், தொட்டியையோ வளையத்தையோ பலகையையோ கழற்றக் கூடாது என்றது. தீயணைப்பு அலுவலகமோ, குழந்தைகள் தூங்குகிற இடத்துக்கு இரண்டாவது வழி இல்லாமல் அனுமதி கிடையாது என்றது. சுவரை உடைக்காமல் வழிக்கு எங்கே போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பின்சுவரில் கருங்கல்லுக்கு நடுவே செங்கல் அடைப்பு ஒன்று கண்ணில் பட்டது. வாசல் அளவு. மேஸ்திரி அதைத் தடவிப் பார்த்தார்.

“இது கொத்தனார் கை இல்லம்மா. நூல் பிடிக்கல, மட்டம் பாக்கல. யாரோ அழுதுகிட்டே கட்டினாப்புல இருக்கு.”

அரை நாளில் உடைத்தார்கள். புதுக் கதவு போட்டார்கள். கீலும் தாழ்ப்பாளும் பளபளவென்று பொருந்தின.

மாமனார் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. மருமகள் கேட்டதற்குத் தலையசைத்தார், அவ்வளவுதான். தொழுவத்துக்குள் மட்டும் அவர் காலெடுத்து வைத்து யாரும் பார்த்ததில்லை. பேசுவதும் குறைவு. பேசினாலும் குரல் வராது, வெறும் காற்றுதான் வரும். டாக்டர்கள் விளக்கடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இன்னொரு விசித்திரமும் உண்டு. அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மகன் ‘இந்தாப்பா’. மருமகள் ‘இந்தாம்மா’. பேத்தி ‘கண்ணு’.

நாலு வயதுப் பேத்திக்கு இது பெரிய மானப் பிரச்சினை. எல்லோரும் ஆசையாகச் சிட்டு, சிட்டு என்று கூப்பிடும்போது தாத்தா மட்டும் ஏன் கூப்பிடுவதில்லை? தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “என் பேரச் சொன்னாதான் வருவேன்,” என்று வீம்பு பிடிப்பாள். அவர் கையை மட்டும் நீட்டுவார். அரை நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அவளே ஓடிவந்து மடியில் விழுவாள். தூங்கப் போகும்போது அம்மாவிடம் கேட்பாள்: “தாத்தாவுக்கு என் பேரு புடிக்கலையா?”

“புடிக்கும்டி செல்லம். தாத்தாவுக்குத் தொண்ட சரியில்ல.”

“சரியானதும் கூப்பிடுவாரா?”

“மொதல்ல உன்னத்தான் கூப்பிடுவாரு.”

சும்மா குழந்தையின் வாயை அடைக்கச் சொன்னதுதான்.

பலகைக்கு வருகிறேன். கழற்றக் கூடாது என்று சொன்னார்களே தவிர, எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாட்டின் பெயர் இருந்த இடத்தில் குழந்தையின் பெயர். பார்க்க வருகிற பெற்றோர்கள் சொக்கிப்போவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. மற்ற பதினொன்றையும் சேர்க்கை முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம், மாதிரிக்கு ஒன்று போதும். விளம்பரப் பலகை எழுதுகிறவரை வரவழைத்தாள். அவர் கடைசிப் பலகையில் மங்கிக் கிடந்த ‘செவலை’யை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, வெள்ளை எனாமலில் ‘சிட்டு’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு குட்டிக் குருவியும் போட்டார். குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் மதியத் தூக்கம் அங்கேதான், அந்தப் பலகைக்குக் கீழேதான் என்று அடம். பாயைப் போட்டுப் படுக்கவைத்தால் பாயை உதைத்துத் தள்ளிவிட்டு வெறுந்தரையில் உருண்டு தூங்கும். அப்படி ஒரு தூக்கத்தை அவள் அதற்கு முன் மகளிடம் கண்டதில்லை.

சூடான இடம் ஒன்றல்ல. கால் சுட்டதற்கு மறுநாள் வெறுங்காலோடு தரை முழுவதும் நடந்து பார்த்தாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? சுண்ணக்கட்டி எடுத்து, சூடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று உள்ளங்கையால் தடவித் தடவிக் கோடு போட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. புதுச் சுண்ணாம்பு வாசனையோடு வேறு ஏதோ வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தது, ஈர வைக்கோலும் கறந்த பாலும் மூச்சும் கலந்த வாசனை. பழைய சுவர் அல்லவா, ஊறிப் போயிருக்கும் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். எங்கோ ஒரு சங்கிலி வளையத்தில் உரசுவது போல மெல்லிய கிணுகிணுப்பு. நிமிர்ந்து பார்த்தால் நின்றுவிடும், குனிந்தால் மறுபடி கேட்கும். முடித்துவிட்டு, கோடுகளை மொத்தமாகப் பார்க்கலாம் என்று மேஸ்திரியின் ஏணியில் ஏறினாள்.

தரையில் பன்னிரண்டு மாடுகள் படுத்திருந்தன. தொட்டிப் பக்கம் தலை, வாய்க்கால் பக்கம் வால், மடக்கிய முன்னங்கால். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. பன்னிரண்டாவது கோட்டுக்குள், வயிற்றோடு வயிறாக ஒட்டிக்கொண்டு, சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு முதல் தடுப்பில் சூடு அடங்கியது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. யாரோ ஒவ்வொருவராக எழுந்துபோவது போல. பன்னிரண்டாவதில் மட்டும் கொஞ்ச நேரம் தங்கியிருந்து, பிறகு அதுவும் போனது. சிட்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள்.

அன்று மாலை, சன்னலுக்குத் திரைக்கம்பி மாட்டிக்கொண்டிருந்த கணவனிடம் சொன்னாள். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

“எனக்கு அப்ப பத்து வயசு,” என்றான். “பக்கத்துப் பண்ணையில கோமாரி வந்துச்சு. நம்ம மாட்டுக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா சுத்துவட்டாரத்துல ஒண்ணு விடாமக் கொல்லணும்னு உத்தரவு. வெள்ள உடுப்புப் போட்டுக்கிட்டு அஞ்சு பேர் வந்தாங்க. மாடு எல்லாம் மெரண்டுபோச்சு. கயிறு போட்டா அறுத்துச்சு, கிட்டப் போனா ஒதைச்சுச்சு. அடிச்சு இழுக்கப் பாத்தாங்க. அப்பாவுக்கு மனசு கேக்கல. அடிக்காதீங்க, நான் கூப்பிடுறேன்னு பின்வாசல்ல போய் நின்னாரு.”

“கூப்பிட்டு?”

“பால் கறக்கக் கூப்பிடுற மாதிரியேதான். மொத தடுப்புல இருந்து ஒண்ணொண்ணா, பேரு சொல்லி. அவர் கூப்பிட்டா வராத மாடு எது? தலைய ஆட்டிக்கிட்டே வந்துச்சு. வர வர, வெளிய வெச்சு...” அவன் தன் நெற்றியில் ஒரு விரலை வைத்துக் காட்டினான். “டொப்புன்னு ஒரு சத்தம். அப்புறம் அடுத்த பேரு. செவல மட்டும் வரல. அது தாயில்லாம அவர் கையில பால் குடிச்சு வளந்தது. அதுக்குத் தெரிஞ்சுபோச்சுபோல. மூணு தடவ கூப்பிட்டாரு. மூணாவது தடவ வந்துடுச்சு.”

அவள் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் அங்கயே வெள்ளச் சுண்ணாம்புத் தூள் கொட்டிப் பொதைச்சாங்க. அதோட அவர் குரல் போச்சு. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுறதும் போச்சு. அந்த வாசல அவரே செங்கல்லு வெச்சு அடைச்சாரு.” கம்பியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “நாலரை மணி. கறவை நேரம்,” என்றான்.

அவன் கண்ணைப் பார்க்காமல் பன்னிரண்டாவது பலகையைப் பார்த்தாள். குட்டிக் குருவி அவளைப் பார்த்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தின்னரை ஊற்றித் தேய்த்தாள். எழுத்து அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினாள், கத்தியால் சுரண்டினாள். கல்லில் கீறல் விழுந்ததே தவிர சாயம் பெயரவில்லை. எழுதியவருக்குப் போன் செய்தாள். “என் எழுத்து அப்படில்லாம் போகாதும்மா,” என்றார் பெருமையாக. சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்றார். கணவன் கட்டில் சட்டங்கள் எடுத்துவர வண்டியோடு போயிருந்தான். மதியச் சாப்பாடு ஆனதும் சிட்டுவை வீட்டில் தாத்தாவின் பக்கத்தில் படுக்கவைத்தாள்.

“இன்னைக்கு இங்கதான் தூங்கணும். அங்க போகக் கூடாது, சரியா?”

“அங்கதான் என் பேரு இருக்கு.”

“அம்மா சொன்னாக் கேக்கணும்.”

மாமனாரிடமும் சொன்னாள்: “மாமா, இவள எங்கயும் விட்டுடாதீங்க.” அவர் பேத்தியின் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். அவள் தொழுவத்துக்கு வந்து பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துக்கொண்டு, அந்தக் கதவுக்கு வெளியே பின்முற்றத்தில் கட்டிலுக்கான பலகைகளை எண்ணெய் போட்டுத் துடைக்க உட்கார்ந்தாள்.

நாலே காலுக்கு வீட்டுக்குள் போனாள். மாமனார் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடி காலியாக இருந்தது.

ஓடினாள். தொழுவத்துக்குள் நுழையும்போதே அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது, வைக்கோல், பால், வெதுவெதுப்பான மூச்சு. பன்னிரண்டாவது தடுப்பில், வெறுந்தரையில் கன்னம் பதித்து, வாயோரம் எச்சில் வழிய, சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. குனிந்து இரண்டு கைகளையும் குழந்தைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள்.

தூக்க முடியவில்லை.

நாலு வயதுப் பெண். கோழிக்குஞ்சு மாதிரி இருப்பாள். இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்திருக்கிறாள். இப்போது ஒரு முழு மாடு படுத்திருப்பது போல் அந்த உடம்பு தரையோடு தரையாகக் கனத்தது. “சிட்டு, எந்திரி. எந்திரிடா.” உலுக்கினாள். குழந்தையின் தாடை மெல்ல அசைந்தது, எதையோ அசைபோடுவது போல.

பின்கதவு திறந்திருந்தது.

“மயில...”

முற்றத்திலிருந்து வந்தது. ஓர் ஆணின் குரல். கணீரென்ற, நடுவயது, அன்பான குரல். அதை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. ஆனாலும் யாருடையது என்று தெரிந்துவிட்டது.

முதல் தடுப்பில் சங்கிலி அவிழ்ந்தது. குளம்பு தரையில் ஊன்றியது. எதுவும் கண்ணில் படவில்லை. காற்று மட்டும் வெதுவெதுவென்று அவள் தோளை உரசிக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனது.

டொப்.

“கருப்பி...”

சங்கிலி. குளம்பு. மூச்சு. டொப்.

“சுட்டி...”

அவள் பலகையைத் தேய்த்தாள். முந்தானையால். நகத்தால். நகம் பெயர்ந்தது. எழுத்து பெயரவில்லை. எட்டு. ஒன்பது. முன்வாசலில் நிழல் விழுந்தது. மாமனார். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே நின்றார். இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தியிருந்தார். விரல் எலும்பு வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பொத்தியிருந்தார். கண்ணீர் விரல்களின் மேல் வழிந்தது. ஆனாலும் வெளியே அவருடைய குரல் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது.

பத்து. பதினொன்று. டொப்.

அமைதி.

“சிட்டு...”

குழந்தை கண் திறந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

“சிட்டு...”

அந்த முகம் மலர்ந்ததே, அதை எப்படிச் சொல்வது. பிறந்ததிலிருந்து காத்திருந்த ஒன்று கையில் வந்து விழுந்தது போல மலர்ந்தது. “அம்மா! தாத்தா என் பேரச் சொல்லிட்டாரு!”

அவள் மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “அது தாத்தா இல்லடி! தாத்தா இங்க இருக்காரு பாரு! மாமா, கூப்பிடுங்க! உங்க கால்ல விழறேன், அவ பேரச் சொல்லிக் கூப்பிடுங்க!”

கிழவர் வாயிலிருந்து கையை எடுத்தார். நடுங்கிய உதடுகளைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைக்க, உயிரையெல்லாம் திரட்டி, பேத்தியின் பெயரை முதல் முறையாகச் சொன்னார். வெறும் காற்று வந்தது. பக்கத்தில் நின்றிருந்தால்கூடக் கேட்டிருக்காது.

“சிட்டு...”

மூன்றாவது தடவை அந்தக் குரல் உடைந்தது. அம்மாவின் கைக்குள்ளிருந்து ஒரு கனம் எழுந்தது. மாட்டைப் பிடித்து நிறுத்த யாரால் முடியும்? குழந்தை எழுந்து, தலையை லேசாக ஆட்டிக்கொண்டே, வாசலை நோக்கி ஓடினாள்.

அதற்குப் பிறகு வந்த சத்தம் மற்றவற்றைவிடச் சின்னதாக இருந்தது.

முற்றத்தில் யாரும் இல்லை. வெயில் இருந்தது, எண்ணெய் போட்ட பலகைகள் இருந்தன. கணவன் வந்தான், ஊர் வந்தது, போலீஸ் வந்தது. கிணற்றில் ஆள் இறக்கினார்கள், புதர்களை வெட்டினார்கள். ஒரு வாரம் தேடினார்கள், பிறகு தேடுவதை விட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பின்வாசலை அடைத்துவிடலாம் என்று கணவன் செங்கல் கொண்டுவந்து இறக்கினான். அவள் குறுக்கே படுத்துக்கொண்டாள். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னால் தாங்க மாட்டான்.

தொழுவத்தில் தினமும் மதியம் தரை சுடுகிறது. பதினோரு இடங்கள் பழைய அளவுதான். பன்னிரண்டாவது சுருங்கிவிட்டது. சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தாள்: ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்கு வைத்துப் படுத்திருக்கிற ஒரு சின்ன உருவம். அதன் பக்கத்தில் படுத்து அதன்மேல் கை போட்டுக்கொள்வாள். நாலரைக்குப் பிறகு கைக்கு அடியில் தரை ஆறிப்போகும். ஒவ்வொரு நாளும் ஒரு தடவை பறிகொடுக்க எந்தத் தாயால் முடியும்?

பத்தொன்பதாம் நாள், எழுத்துக்காரர் விட்டுப்போன எனாமல் டப்பாவைத் திறந்தாள். பன்னிரண்டாவது பலகையில் குருவிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. தன் பெயரை எழுதத் தூரிகையைக் கொண்டுபோனவள் நிறுத்திக்கொண்டாள். மகளுக்கு அந்தப் பெயர் பழக்கமில்லை. ‘அம்மா’ என்று எழுதினாள். ஊதி ஊதிக் காயவைத்தாள். பிறகு அந்தச் சின்னக் கோட்டைச் சுற்றி வளைந்து படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தாள். கதகதப்பாக இருந்தது. பல நாளைக்குப் பிறகு கண் சொக்கியது.

“மயில...”

அவள் எண்ணவில்லை. மூச்சுகள் ஒவ்வொன்றாக அவளைத் தாண்டிப் போயின. கடைசியில் “சிட்டு” என்று ஒரே ஒரு தடவை கேட்டது, கைக்கு அடியில் தரை ஆறியது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அவள் பயந்தது அந்த ஒன்றுமில்லாததற்குத்தான்.

பிறகு வெளியிலிருந்து, அந்த ஆண்குரல் இல்லை, வேறு குரல், தூக்கக் கலக்கமும் சிணுங்கலுமாக, பாதி எழுந்து உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிற குரல்:

“அம்மா...”

முதல் கூப்பிடுதலுக்கே அவள் எழுந்துவிட்டாள். கதவுக்கு வெளியே வெயில் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் கொட்டிய தரையில் பதினோரு மாடுகள் தலை கவிழ்ந்து வரிசையாக நின்றன. பன்னிரண்டாவது இடத்தில், அவற்றைப் போலவே தலை கவிழ்ந்து, சின்னதாக ஓர் உருவம். அதற்கு அடுத்து, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது.